விட்டுவைக்கத் தெரிந்த கைக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாமாவுக்கு,

நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எல்லாரும் வாசிக்கும்படி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இன்னமும் ஓடுகிற ஒஸ்ரின், மொரிஸ் கார்களைப் படம்பிடிக்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். படத்தின் கீழே காரின் பெயரும் ஆண்டும் இருக்கும். அதை இத்தனை காலம் ஓடவைத்தவர் யார் என்று இருக்காது. உங்கள் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள், போடவில்லை. செய்ததை எழுதவேண்டாம் என்று நீங்கள் கேட்கவில்லை.

அப்பாவின் மொரிஸ் மைனர் பிக்கப் இப்போது வீட்டிலிருந்து புறப்பட்டுச் சுன்னாகம் சந்தைக்குப் போய்த் திரும்பி வருகிறது. அதைப் பார்ப்பவர்கள் "நல்லாய்ப் புதுப்பிச்சிருக்கிறியள்" என்று என்னிடம் சொல்கிறார்கள். புதுப்பித்தது எவ்வளவு, புதுப்பிக்காமல் விட்டது எவ்வளவு என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். விட்டுவைத்ததற்காகவே இந்த நன்றி.

உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லப்போகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். மொரிஸ் மைனர் 1948 இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார். அதன் முன்பாதியை வைத்துக்கொண்டு, பின்னால் தனிச் சஸியும் திறந்த பெட்டியும் பூட்டிய பிக்கப் 1953 இல் வந்தது, 1971 வரை செய்தார்கள். எங்களுடையது 1955 ஆம் ஆண்டு வண்டி. முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். 803 சிசி இஞ்சின், 30 குதிரைவலு. கால் தொன் ஏற்றலாம் என்பது கம்பனிக் கணக்கு, ஏறத்தாழ 254 கிலோ. அப்பா சின்ன வெங்காயம் ஏற்றுகிற நாளில் அதைவிட எவ்வளவு கூடுதலாக ஏற்றியிருப்பார் என்பதைப் பின் ஸ்பிறிங்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். லொறி ஸ்பிறிங்கிலிருந்து வெட்டியெடுத்த ஓர் இலையை இரண்டு பக்கமும் மேலதிகமாகச் செருகியிருந்தீர்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத அந்த இரண்டு இலைகளில்தான் எங்கள் வீட்டுச் சாப்பாடும் என் பள்ளிக்கூடச் செலவும் ஏறி வந்தன.

வெளிநாட்டில் இந்த வண்டியை மீட்டெடுப்பவர்கள் முதலில் தேடுவது அசல் பாகங்களை. இங்கே அந்தத் தேடலுக்கே இடம் இருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் கார் இறக்குமதி பெரும்பாலும் நின்றுபோனது. 1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிடும்வரை, ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்ட வாகனங்களைத்தான் திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்டவேண்டியிருந்தது. புதுப் பாகம் வராது என்று தெரிந்துகொண்டே தொழில் பழகிய தலைமுறை நீங்கள். அதனால் உங்களுக்கு வண்டி வேறு விதமாகத் தெரிந்தது. எது எதோடு பொருந்தும் என்ற கணக்கு உங்கள் தலைக்குள் இருந்தது. 1952 இல் ஒஸ்ரினும் மொரிசும் ஒரே நிறுவனமாகச் சேர்ந்த பிறகு மைனருக்குள் ஒஸ்ரினின் ஏ சீரிஸ் இஞ்சின் வந்தது. அப்படியென்றால் ஒஸ்ரின் ஏ35 இன் 948 சிசி இஞ்சினும் இதற்குள் இருக்கும் என்று கண்டுபிடித்து, யாரோ கைவிட்ட ஏ35 ஒன்றிலிருந்து அதைக் கழற்றி அப்பாவின் பிக்கப்பில் இறக்கினீர்கள். இன்றும் ஓடுவது அந்த இஞ்சின்தான். 803 ஐத் தேடிப் பிடித்து மறுபடி வைத்தால் வண்டி இன்னும் "சரியாக" இருக்கும் என்று ஒருவர் எனக்கு எழுதினார். நான் அதற்கு உடன்படவில்லை. எந்த இஞ்சின் இந்த வண்டியை நாற்பது வருசத்துக்கு மேலாக இழுத்ததோ அதுதான் இதன் இஞ்சின்.

பிறகு 1990 வந்தது. போரில், பெற்றோலும் பற்றறியும் வடக்குக்கு வருவதற்குத் தடை. மின்சாரமும் இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, "கார் மண்ணெண்ணெயில ஓடினது" என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறோம். அது எப்படி ஓடியது என்பதைச் சொல்லாமல் விட்டால் உங்களைப் போன்றவர்களின் மூளை அதற்குள் காணாமல் போய்விடும்.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் அது துளியாகவே நின்றுவிடும், பற்றாது. ஆகவே காபறேற்றருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல். அதில் கொஞ்சத்தை விட்டு ஸ்ரார்ட் எடுத்து, இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு குழாயை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்பவேண்டும். நிறுத்துவதற்கு முன்னும் சற்று நேரம் பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் காபறேற்றர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி அடுத்த நாள் உயிர் எடுக்கும். பற்றறி செத்துப்போனாலும் பரவாயில்லை, முன்பம்பருக்குள்ளால் கைபிடியை விட்டுச் சுழற்றி எழுப்பலாம். அந்தக் கைபிடியும் அதற்கான துளையும் இந்த வண்டியோடு பிறந்தவை. பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளி, இஞ்சின் இடிக்கிற சத்தத்தைக் காதாலே கேட்டுக் கேட்டு டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி நிறுத்துவீர்கள். இந்தப் பழைய இஞ்சின்களின் அமுக்கம் குறைவு என்பதால்தான் அது சாத்தியமானது. புதிய கார்கள் வாசலில் படுத்துக் கிடக்க, எங்கள் ஒஸ்ரின் ஏ40களும் மைனர்களும் புகையைக் கக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதன் காரணம் அது.

அதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது ஒயில் விசயம். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயிலின் மட்டம் குறையாமல் ஏறியிருக்கும். "ஏறினால் சந்தோசப்படக்கூடாது" என்று அப்பாவுக்குச் சொன்னீர்கள். ஒயிலும் கிடைக்காத காலம் அது. வடித்தெடுத்து, சூடாக்கி, கலந்த மண்ணெண்ணெயைப் பறக்கவிட்டுத் துணியில் அரித்துத் திரும்ப ஊற்றினீர்கள். சிலிண்டர் தலையைக் கழற்றிக் கரி சுரண்டிய பிறகு, செம்புக் காஸ்கற்றைச் சிவக்கச் சூடாக்கி இளகவைத்து மறுபடியும் அதையே போட்டீர்கள். மற்றக் காஸ்கற்றுகளுக்குத் தடித்த கடதாசி. இரும்பின் மேல் கடதாசியை விரித்து, ஓரம் முழுவதும் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அந்தக் கடதாசி தானாக வெட்டுப்பட்டு வரும். சிறுபிள்ளையாக உங்கள் கராஜ் வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டே இருந்த வேலை அதுதான்.

1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றி நீங்கள் பேசுவதில்லை. நானும் நீட்டவில்லை. போர் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு. மழை. எங்கள் பிக்கப்பின் பெட்டியில் அப்பாச்சியும், அயல்வீட்டுப் பிள்ளைகளும், சட்டி பானையும், உங்கள் வேலை ஆயுதப் பெட்டியும். உங்கள் வீட்டிலிருந்து வேறு ஒன்றையும் நீங்கள் ஏற்றவில்லை. சனம் அடி அடியாக நகர்ந்த அந்த வேகத்தில் ரேடியேற்றர் கொதித்தது. வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்து, மழைத் தண்ணியைப் பிடித்துப் பிடித்து ஊற்றிக்கொண்டு வந்தீர்கள். சாவகச்சேரியில் ஒரு மாமரத்தின் கீழ் அந்த ஆயுதப் பெட்டியைத் திறந்து வைத்ததும் அடுத்த நாளே ஆட்கள் வண்டிகளோடு வந்து நின்றார்கள். இதைச் செய்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. இடம்பெயர்ந்திருந்த அந்த ஆறு மாதத்தில் தென்மராட்சி மரநிழல்களில் வேலை செய்த எல்லா மெக்கானிக்குமாருக்கும் இந்தக் கடிதம் சேரட்டும்.

இடையில் ஒன்று. இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிசைப் பற்றி வாசித்தபோது உங்களை நினைத்தேன். 1906 இல் ஸ்மிர்னா நகரத்தில் பிறந்தவர். இன்று அது துருக்கியின் இஸ்மிர். 1922 இல் போர் அந்த நகரத்தை நெருங்கியபோது, பதினைந்து வயதில், பெற்றோருடன் கப்பலேறி வெளியேறியவர். தகப்பன் இங்கிலாந்தைப் பார்க்காமலே இறந்துபோனார். ஊரைவிட்டு ஓடிவந்த ஒருவர் வரைந்த வண்டியில் நாங்களும் ஊரைவிட்டு ஓடினோம்.

அப்பா போன பிறகு வண்டி கொட்டிலுக்குள் நின்றது. 2002 இல் தெற்குக்குப் போகும் ஏ9 பாதை திறந்ததும் ஜப்பான் வாகனங்கள் வந்தன, பழையவற்றைத் துண்டுபோட்டு இரும்புக்கு விற்றார்கள். பிறகு 2020 இல் நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியதும், ஓடாத வண்டிக்கும் விலை வந்தது. எங்கள் வாசலிலும் வந்து கேட்டார்கள். விற்பதா திருத்துவதா என்று கேட்க உங்களிடம் வந்தேன். நீங்கள் ஒன்றுமே சொல்லாமல் கொட்டிலுக்குள் போனீர்கள், ஒரு சாக்கை விரித்து வண்டியின் கீழே படுத்தீர்கள். எண்பதை நெருங்கும் வயதில். வெளியே வந்து, "சஸி நல்லாயிருக்கு பிள்ளை" என்றீர்கள். விற்கும் பேச்சு அதோடு முடிந்தது.

என் மனதில் இருந்தது வெளிநாட்டுப் படங்களில் பார்த்த வண்டி. எல்லாவற்றையும் கழற்றி, கறள் பிடித்ததையெல்லாம் வெட்டி எறிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குக் கொண்டுபோவது. நீங்கள் சின்னச் சுத்தியலோடு வந்து வண்டி முழுவதையும் தட்டிக் கேட்டீர்கள். மந்தமாகச் சத்தம் வந்த இடங்களில் சோக்கால் வட்டம் போட்டீர்கள். கதவின் அடிப்பகுதி, படிக்கட்டுத் தகரம், முன்சில்லுக்கு மேலான மட்காட்டின் விளிம்பு. அவற்றையெல்லாம் வெட்டினோம். பெட்டியின் தரையில், தார்ப் பீப்பாவின் தகரத்தை விரித்து ஆணி அறைந்த அந்த ஒட்டு இருந்ததே, அதற்கு வட்டம் இல்லை. நான் கையைக் காட்டினேன். "அதில கை வைக்காத பிள்ளை. உது இன்னும் தாங்கும்" என்றீர்கள். பெருமைக்காகவோ பாசத்துக்காகவோ சொன்னதாக எனக்குப் படவில்லை. தகரம் தடிப்பாக இருந்தது, ஆணிகள் இறுக்கமாக இருந்தன, வேலை சரியாக இருந்தது. உங்களுக்கு அது போதும்.

இரும்பைத் தட்டிப் பார்த்து, நல்லதை நல்லதென்றும் கெட்டதைக் கெட்டதென்றும் சொல்லி, அதற்கு மேல் ஒரு அங்குலமும் வெட்டாத அந்தக் கை பணத்துக்குக் கிடைக்காது. முழுவதையும் மாற்றினால் உங்களுக்குக் கூலி கூட. நானும் தரத் தயாராகத்தான் இருந்தேன்.

பொனற்றின் நடுவே ஓடுகிற அந்தத் தட்டையான பட்டியைப் பற்றி உங்களுக்கு வாசித்துக் காட்டியபோது, நீங்கள் அதைத் தடவிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறது என்று இசிகோனிஸ் அதை நடுவால் அறுத்து, இரண்டு பாதியையும் நான்கு அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்தார். அந்த அகலமே நிலைத்தது. ஏற்கெனவே செய்துவிட்ட பம்பர்களையும் அறுத்து, நடுவில் துண்டு வைத்து இணைத்தார்கள். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்தான் பொனற்றில் இருக்கும் பட்டி. பதினாறு இலட்சம் மைனர்கள் அந்த ஒட்டோடுதான் உலகத்துக்குப் போயின. "அப்ப அவங்களும் எங்கட ஆக்கள்தான்" என்றீர்கள். அன்று முழுவதும் உங்கள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

மாற்றவேண்டியதை மாற்றுவதிலும் நீங்கள் தயங்கவில்லை. முன்சில்லைத் தாங்கும் புரிகளில் தேய்மானம் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடிந்து விழும் என்பது மைனர் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த பயம். அதில் ஒட்டுவேலை கூடாது என்று புதியவற்றை இங்கிலாந்திலிருந்து எடுக்கச் சொன்னீர்கள். பின்னாளில் வந்த 1098 சிசி மைனரின் 8 அங்குல பிரேக் ட்ரம்களைக் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்து முன்சில்லுகளுக்குப் பூட்டினோம். இப்போதைய வீதியில் முன்னால் போகிற வாகனம் நின்றால் நாங்களும் நிற்கவேண்டும் அல்லவா. பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே, சஸிக் காலுக்குள் ஒளிந்திருக்கும். அதன் போல்ட்டை இழுக்கவிடாமல் முன்பக்கத்து முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். நாள் முழுக்கப் பொறுமையோடு அதைக் கழற்றிய உங்கள் உதவியாள் பொடியனுக்கும் இங்கே நன்றி சொல்கிறேன். அவன் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

பற்றறியின் நேர்முனையை உடம்போடு இணைக்கும் அந்தக் காலத்து முறையை மாற்றி, டைனமோவின் இடத்தில் ஒல்ரனேற்றர் வைத்தோம். இரவில் ஹெட்லைற் இப்போது வீதியைக் காட்டுகிறது. இருக்கைப் பட்டிகள் பூட்டும் இடத்தில் அடியில் தடித்த தகடு கொடுத்து வெல்டிங் பிடித்தீர்கள், வெறும் தரையில் பூட்டினால் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று. கதவுக்குப் பின்னாலிருந்து கை நீட்டும் பழைய சமிக்ஞைகளையும் வேலை செய்ய வைத்தோம். அவற்றைப் பார்த்து யாரும் இப்போது வழிவிடமாட்டார்கள் என்பதால் சின்ன மஞ்சள் விளக்குகளையும் வைத்தோம். நிறம் அடியில் கிடைத்த பழைய சாம்பல். வெங்காயச் சாக்கு உரசும் பெட்டிக்கு மினுக்கம் வேண்டாம் என்றேன், பெயின்ரர் அண்ணை ஒத்துக்கொள்ளவே கொஞ்சக் காலம் எடுத்தது. பெற்றோல் போத்தல் தொங்கிய கொளுக்கி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் இப்போது துடைக்கும் துணி தொங்குகிறது.

பித்தளையில் புஷ் கடைந்து தந்த லேத் ஐயாவுக்கு வேறாக ஒரு கடிதம் எழுதவேண்டும். அளவுகோல் சொன்னதை நம்பாமல், புஷ்ஷைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துத் திரும்பக் கடைந்தாரே, அந்த ஒரு தடவைக்காக. தென்னிலங்கையின் கைகளையும் மறக்கவில்லை. 1990களில் இங்கே இலங்கையில் கையால் அடித்த மைனர் பாகங்களை இங்கிலாந்தின் பாத் நகரத்திலிருந்த மைனர் திருத்துமிடம் ஒன்று வாங்கிக்கொண்டது. வண்டியைச் செய்த நாட்டுக்கே பாகம் செய்து அனுப்பியிருக்கிறோம் என்பதை எங்கள் பிள்ளைகள் அறியவேண்டும். போர் எங்களைப் பிரித்துவைத்த அதே ஆண்டுகளில், நாட்டின் இரு முனைகளிலும் ஒரே வண்டியின் தகரத்தைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

கூலிக் கணக்கில் நீங்கள் பாதியைத்தான் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். மீதியை வாங்கமாட்டீர்கள் என்பதும் தெரியும். அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். நீங்கள் வேலை செய்தபோது சொன்னவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தேன். எந்தப் பாகம் எதோடு பொருந்தும், காஸ்கற்றை எப்படிச் சூடாக்குவது, வால்வு இடைவெளி 0.012 அங்குலம், முன்சில்லுப் புரிகளுக்கு எத்தனை நாளுக்கு ஒருதரம் கிறீஸ், எல்லாம் இருக்கிறது. ஒரு பிரதியைப் பொடியனிடம் கொடுத்துவிட்டேன், இன்னொன்று இந்தக் கடிதத்தோடு வருகிறது. பிழை இருந்தால் அதிலேயே வெட்டித் திருத்துங்கள்.

மண்ணெண்ணெய்க்கு டிஸ்ரிபியூற்றரை எவ்வளவு பின்தள்ளினீர்கள் என்பதற்கு ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். காதால் கேட்டுத்தான் வைத்தேன் என்று சொல்வீர்கள். பரவாயில்லை, எந்தச் சத்தம் வரும்வரை திருப்பினீர்கள், எந்தச் சத்தத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். பென்சிலால் எழுதினாலும் போதும். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.


உங்கள் பிள்ளை
வலிகாமம்